வேலி சாய்ந்த கதை: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்வும் குறிப்பும்

சென்னையிலிருந்து காஞ்சீபுரம் செல்லும் பெருவழியிலுள்ள ஸ்ரீபெரும்புதூரையும், அதன் தெற்கேயுள்ள ஒரகடத்தையும் இன்று காண்பவர்கள் அப்பிரதேசத்தைத் தொழிற்சாலைகளின் சீமை என்றே அறிவார்கள். எதிராஜர் அவதரித்த ஸ்தலம் என்ற பழைய கீர்த்தியோடு, மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகும் இடம் என்ற புதிய கீர்த்தியும் அதற்குச் சேர்ந்திருக்கிறது. அந்நிய தேசத்துக் கம்பெனிகள் பல அங்கே நமது சர்க்காரின் அநுமதி பெற்று, நமது சட்டத்துக்கு அடங்கி, நமது தொழிலாளரைக் கொண்டு வேலை நடத்தி வருகின்றன. இருநூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னர் இதே செங்கற்பட்டுச் சீமையில் கம்பெனி என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அன்று வந்த கம்பெனிகள் தராசோடு வந்து, பின்பு பீரங்கியோடு நின்று, முடிவில் செங்கோலையும் பிடித்துக் கொண்டன.

அந்தக் காலத்தில் செங்கற்பட்டுக் கோட்டைக்கும் அச்சீமையின் ஜாகீருக்கும் அதிபதியாக ஒரு தமிழர் நியமிக்கப்பட்டார். அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. அந்த ஜாகீர் அவர் கையில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் தம் கையால் எழுதியும், பிறரைக் கொண்டு எழுதுவித்தும் வைத்த தினப்படி சேதிக் குறிப்பு நிலைத்துவிட்டது. காவல் மிகுந்த ஓர் எல்லை எவ்விதம் கட்டப்பட்டு, எவ்விதம் காக்கப்பட்டு, எவ்விதம் உள்ளிருந்தே உளுத்து விழுந்தது என்பதை ஒரு தமிழர் இருபத்தைந்து வருஷ காலம் அருகிலிருந்து பார்த்து எழுதிய சாசனம் அது. அவருடைய சரித்திரத்தை நமது தேச ஊழியர்கள் அறிந்திருப்பது அவசியம்.

இளமையும் முதற் பாடமும்

பிள்ளையவர்கள் 1709-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி சென்னையைச் சேர்ந்த பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வர்த்தகர். அவருடைய மைத்துனரான நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்தார். அவர் அழைத்ததன்பேரில் இக்குடும்பம் புதுவைக்குக் குடியேறிற்று.

துபாஷ் என்பவர் இரு பாஷை அறிந்தவர் என்பது சொல்லின் பொருள். உண்மையில் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்பதன்று. கும்பினிக்கு வேண்டிய துணியை நெசவாளர்களிடமிருந்து வரவழைப்பவர் அவர். வர்த்தகரோடு விலை பேசுபவர் அவர். நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் காகிதம் எழுதுவிப்பவர் அவர். ஊரின் சாதி வழக்குகளைக் கேட்பவரும் அவரே. அந்நியனுக்குக் காதும் நாவுமாக இருப்பவனுக்கு அந்நியனுடைய தயவு உண்டு. ஆனால் அந்தத் தயவுக்கு ஆயுள் கிடையாது. இந்த உண்மையை ஆனந்தரங்கர் தம் பால்யத்திலேயே தம் வீட்டில் கண்டார். 1716-ம் வருஷத்தில் நைனியப் பிள்ளை சிறையிலிடப்பட்டார்; கசையடி பட்டார்; சொத்தெல்லாம் பறிமுதலாயிற்று. அடுத்த வருஷம் சிறையிலேயே மாண்டார். அவருடைய குமாரர் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்ஸ் தேசம் சென்று, ராஜப் பிரதிநிதியிடம் முறையிட்டு, தந்தையின் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைத்துத் திரும்பினார். இப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, நடந்ததை நடந்த அன்றே எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்ததில் வியப்பில்லை.

1726-ல் தகப்பனார் காலமானார். கவர்னர் லெனுவார் இளைஞரான ஆனந்தரங்கரைப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் வேலையில் வைத்தார். வர்த்தகத்தில் அவர் தேர்ந்தார். சொந்தக் கப்பலும் வைத்து நடத்தினார். 1736-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 6-ந் தேதி தம் குறிப்பை எழுதத் தொடங்கினார்.

குறிப்பின் இயல்பு

இந்தக் குறிப்பைப் படிப்பவர்கள் ராஜாங்க ரகசியங்களை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள். எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், துணி என்ன விலை விற்றது, எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு என்ன வெகுமானம் என்பவையெல்லாம் அதில் உண்டு. ஜோசியத்திலும் சகுனத்திலும் அவருக்கிருந்த நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தம்மைத் தாமே மெச்சிக்கொள்வதும் உண்டு; போட்டியாளர்மேல் பொறாமை உண்டு; அக்காலத்துச் சாதி அபிமானமும் உண்டு. ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையையும் அவர் எழுதியிருக்கிறார். தமக்குக் கேடு வருமே என்று மறைக்க வேண்டிய விஷயங்களைக்கூட அதில் மறைக்கவில்லை. ஏனெனில் அது அச்சிடுவதற்காக எழுதப்பட்டதன்று. ஆகவேதான் அதன் சாட்சியம் உயர்ந்தது.

குறிப்பு தொடங்கிய நாலாவது வருஷத்தில் ஒரு முக்கிய சம்பவம் நேர்ந்தது. 1740-ம் வருஷம் மே மாதம் ரகுஜி போன்ஸ்லேயின் மகாராஷ்டிரப் படை தாமல்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. நவாபின் மனைவியும் குடும்பத்தாரும் பொக்கிஷத்துடன் புதுவையின் வாசலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். கவர்னர் துமா கதவைத் திறக்கச் செய்தார். மகாராஷ்டிரர் மிரட்டியும் அடைக்கலம் புகுந்தவர்களை ஒப்புவிக்கவில்லை. அன்று முதல் புதுவையின் மதிப்பு நாடெங்கும் உயர்ந்தது. ஓர் எல்லையின் பெருமை அது யாரைத் தடுக்கிறது என்பதில் மட்டும் இல்லை. யாருக்கு வாசல் திறக்கிறது என்பதிலும் இருக்கிறது. இருபது வருஷங்களுக்குப் பிறகு அதே வாசலில் நடந்ததைப் பின்னர் கூறுவோம்.

எல்லை வேலி

புதுவை நகரத்துக்கு மதிலும் கோட்டையும் இருந்தன. மதிலுக்கு வெளியே, ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில், நகரையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் தோட்டங்களையும் வளைத்து எல்லை வேலி ஒன்று இருந்தது. சப்பாத்திக் கள்ளியும், கற்றாழையும், மற்ற முட்செடிகளும் அடர்த்தியாக வளர்ந்து, இடையிடையே பனையும் தென்னையும் நிற்க, குதிரையோ காலாளோ நுழைய முடியாத பச்சை மதிலாக அது கிடந்தது. வெளியூர்ப் பாதைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் பீரங்கிகளோடு காவல் கொத்தளங்கள் இருந்தன. சென்னைப் பாதை, வழுதாவூர்ப் பாதை, வில்லியனூர்ப் பாதை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கொத்தளம். தெற்கே அரியாங்குப்பத்தில் ஒரு சிறு கோட்டை. உள்ளே விளையும் காய்கறியும், மேயும் ஆடுமாடுகளும், நெய்யும் தறிகளும் இந்த வேலியின் பாதுகாப்பை நம்பியிருந்தன.

1742-ல் துய்ப்ளேக்ஸ் கவர்னரானார். தலைமைத் துபாஷ் கனகராய முதலி 1746-ம் வருஷம் பிப்ரவரியில் இறந்தபின், ஆனந்தரங்கர் அந்த வேலைகளைப் பார்த்து, அடுத்த வருஷம் அந்தப் பதவியையும் அடைந்தார். அதற்குள் உலகம் மாறத் தொடங்கியிருந்தது. 1746-ம் வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். அதைத் தமக்குக் கொடுக்கவில்லையென்று நவாப் அன்வருத்தீன் சினந்து, தம் குமாரர் மாபூஸ்கானைப் பெரும் படையுடன் அனுப்பினார். அக்டோபர் 24-ந் தேதி அடையாற்றங்கரையில் பாரதி என்ற பிரெஞ்சுத் தளகர்த்தன் ஆயிரம் பேருக்கும் குறைந்த படையுடன் ஆற்றைக் கடந்து அப்பெருஞ்சேனையைச் சிதறடித்தான். நவாபின் ஆணைக்கு அஞ்சி வர்த்தகம் செய்துவந்த வெள்ளையர், அந்த ஆணையின் பின்னால் பலமில்லை என்பதை அன்று கண்டுகொண்டார்கள். நமது தேசத்தின் மெய்யான எல்லை ஒன்று அடையாற்றங்கரையில் சாய்ந்தது. அந்த வெற்றியைக் கேட்டு மகிழ்ந்த புதுவையில், துபாஷும் தம் எஜமானரோடு சேர்ந்து மகிழ்ந்தார். அதையும் மறையாமல் சொல்ல வேண்டும்.

1748: வேலி நின்ற வருஷம்

1748-ம் வருஷம் ஆகஸ்டில் பாஸ்கவன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பெரிய கப்பற் படையுடன் புதுவையைப் பிடிக்க வந்தான். அரியாங்குப்பத்துச் சிறு கோட்டை பல நாட்கள் அவனைத் தடுத்து நிறுத்தியது. பிறகு ஆங்கிலேயர் வேலியைக் கடந்து உள்ளே வந்தனர். ஆனால் மதிலை அசைக்க முடியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது, நோய் பரவிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து, அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையை விட்டுப் போனான்.

புதுவை அன்று பிழைத்ததற்குக் காரணங்கள் வெளிப்படை. களஞ்சியத்தில் தானியம் இருந்தது. பொக்கிஷத்தில் பணம் இருந்தது. சிப்பாய்க்குச் சம்பளம் கிடைத்தது. தலைமை ஒருவர் கையில் இருந்தது. ஆயினும் அதே முற்றுகையின்போது உள்ளே ஒரு விரிசல் கண்டது. நகரத்தின் பழம்பெரும் ஆலயமான வேதபுரீசுவரர் கோயிலை, யுத்தத்தைச் சாக்காகக் கொண்டு, செப்டம்பரில் இடித்துத் தள்ளினார்கள். அதில் கவர்னரின் மனைவிக்கும் பாதிரிகளுக்கும் இருந்த பங்கைப் பிள்ளையவர்கள் துயரத்தோடு எழுதியிருக்கிறார். மூர்த்திகளையாவது வேறு கோயிலுக்கு எடுத்துச் செல்லும்படி ஊர்த் தலைவர்களுக்குச் சொல்வதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. கவர்னருக்கு வலக்கையாக இருந்தவர், தம் ஜனங்களின் கோயிலைக் காக்கச் சக்தியற்றவராக நின்றார். பதவி வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. வெளி வேலி நின்றது. குடிகளின் மனத்திலிருந்த நம்பிக்கையில் ஒரு முள் தைத்தது.

ஏற்றமும் இறக்கமும்

அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரரின் உச்ச காலம். 1749-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி ஆம்பூர் யுத்தத்தில் அன்வருத்தீன் மாண்டார். அதில் வெற்றி பெற்ற முஜபர் ஜங் ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டமும், பின்னர் செங்கற்பட்டுக் கோட்டையும் ஜாகீரும் கிடைக்கச் செய்தார். புலவர்கள் அவரை நாடி வந்தனர். 1752-ல் ஸ்ரீநிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு என்ற காவியத்தை இயற்றினார். பெரம்பூரில் பிறந்த வர்த்தகர் மகனுக்கு இதைவிட உயர்வு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்நியர் ஒருவர் தயவால் வந்த ஜாகீர் இன்னொருவர் வாளால் போய்விடும். அதே 1752-ம் வருஷத்தில் கிளைவ் செங்கற்பட்டுக் கோட்டையைப் பிடித்தான். அவ்வருஷமே சந்தா சாகிப் கொல்லப்பட்டார். துய்ப்ளேக்ஸ் தம் கைப்பொருளையும் கடனையும் யுத்தத்தில் கொட்டினார். 1754-ல் பிரான்ஸ் அவரைத் திரும்ப அழைத்துக் கொண்டது. எந்த ராஜ்யத்துக்காக உழைத்தாரோ அந்த ராஜ்யத்திடம் தம் பாக்கிக்கு வழக்காடி, 1763-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். பிள்ளையவர்களின் உடல்நலமும் குன்றிற்று. 1756-ல் துபாஷ் பதவியும் அவரை விட்டு அகன்றது. பதவி போயினும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. இடையிடையே விடுபட்ட நாட்கள் உண்டென்றாலும், குறிப்பு தொடர்ந்தது.

1758-ம் வருஷம் ஏப்ரலில் லாலி என்ற சேனாபதி வந்தான். வீரத்தில் குறைவற்றவன், ஆனால் இந்நாட்டு ஜனங்களைத் துரும்பாக மதித்தவன். பாரம் சுமக்கச் சாதி, வயது, நிலைமை ஒன்றும் பாராமல் ஜனங்களைப் பிடித்து வேலை வாங்கினான். பணத்துக்காகத் தஞ்சாவூர்மேல் படையெடுத்துச் சென்ற வழியில், கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டு, பிராமணர் அறுவரை ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான். தஞ்சை வீழவில்லை, அவன் வெறுங்கையோடு திரும்பினான். அவ்வருஷம் டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் அதையும் விட்டு ஓடினான். அதே வருஷம் அக்டோபரில், பல மாதச் சம்பளம் பாக்கி நின்றதால், அவனுடைய பிரெஞ்சுச் சோல்ஜர்களே கலகம் செய்தார்கள். குடிகள் கைவிட்டார்கள், படையும் கைவிட்டது. ராஜ்யம் விழுவதற்கு இனி எதிரி ஒருவன் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி.

1760: வேலி சாய்ந்த வருஷம்

அந்த எதிரி 1760-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி வந்தவாசியில் வந்து நின்றான். அயர்கூட் லாலியைத் தோற்கடித்தான், புஸ்ஸி சிறைப்பட்டான். பிறகு கோட்டைகள் மாலையிலிருந்து முத்து உதிர்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. சேத்துப்பட்டு, ஆற்காடு, பெருமுக்கல், ஆலம்பரை, காரைக்கால், வழுதாவூர், சிதம்பரம், கூடலூர் எல்லாம் ஏப்ரல் முடிவுக்குள் ஆங்கிலேயர் வசமாயின. நாட்டுப்புறத்தின் நெல் புதுவைக்கு வருவது நின்றது. மைசூர் ஹைதர் அலியின் படையும் மாடுகளும் வரும் என்ற ஆசை சில மாதங்கள் நகரத்தைத் தாங்கிற்று. அந்தப் படை வந்தது. ஒரு வெற்றியும் பெற்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பாசறைமேல் லாலி இரவில் பாய்ந்தான், பலிக்கவில்லை. அடுத்த சில தினங்களில் ஆங்கிலேயர் உழவர்கரைப் பக்கத்தில் எல்லை வேலியைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். கொத்தளங்கள் அவர்கள் வசமாயின. பச்சை மதிலாக நின்ற வேலி, அதைக் கட்டியவர்களையே சிறைப்படுத்தும் வளையமாக மாறிற்று. 1748-ல் இருந்த அதே கள்ளி, அதே கற்றாழை, அதே கொத்தளங்கள். முட்களின் கூர்மை குறையவில்லை. பின்னால் நிற்க வேண்டிய தானியமும், பணமும், ஒற்றுமையும், குடிகளின் பற்றும்தான் இல்லை.

இப்பொழுது அந்த வாசலுக்கு வருவோம். நகரத்துக்குள் தானியம் அருகியபடியால், நவம்பர் 27-ந் தேதி லாலி எஞ்சியிருந்த நம்மவர்களை வெளியே தள்ளிக் கதவை மூடினான். ஆண், பெண், குழந்தைகளாக ஏறக்குறைய 1,400 பேர் என்று ஓர்ம் என்ற ஆங்கிலச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரும் அவர்களை வெளியே விடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். மதிலுக்கும் வேலிக்கும் நடுவே எட்டு நாட்கள் அவர்கள் புல்லின் வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள். முடிவில்தான் அயர்கூட் வழிவிட்டான். 1740-ல் நவாபின் குடும்பத்துக்குத் திறந்த கதவு, அந்த நகரத்தைத் தம் உழைப்பால் வளர்த்த நெசவாளருக்கும் கூலிக்காரருக்கும் 1760-ல் மூடப்பட்டது. இரண்டு அந்நியக் கும்பினிகளின் சண்டையில் நமது ஜனங்களின் இடம் எது என்பதற்கு, மதிலுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட அந்த வெட்டவெளியே பதில்.

1761-ம் வருஷப் பிறப்பன்று கடும் புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பல நாசமாயின. அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தும் சக்திகூட நகரத்துக்கு இல்லை. ஜனவரி நடுவில் புதுவை சரணடைந்தது. அதே மாதத்தில், அந்த வீழ்ச்சியையொட்டி, ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 51. ஆங்கிலேயர் நகரத்தையும் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியை அவன் தேசத்தாரே 1766-ல் சிரச்சேதம் செய்தார்கள். 1763-ம் வருஷ உடன்படிக்கைப்படி புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரரைச் சேர்ந்தது. ஆனால் தென்னாட்டில் ஆளும் ஆசை அவர்களுக்கு அன்றோடு தொலைந்தது. மிச்சமிருந்த பிரெஞ்சு அதிகாரமும் 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி நீங்கிற்று.

ஏடுகள் பிழைத்த விதம்

கோட்டை இடிந்தது, ஏடுகள் பிழைத்தன. எண்பத்தைந்து வருஷ காலம் அவை குடும்பத்தாரிடம் உறங்கின. 1846-ம் வருஷத்தில் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி செய்வித்தார். ஏரியல் என்பவர் செய்வித்த பிரதி பாரிஸ் நகரத்துப் பெரிய புஸ்தகசாலையை அடைந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு வால்யூம்களில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். தமிழ் மூலமோ 1948-ம் வருஷம் முதல்தான் புதுவையில் அச்சாகத் தொடங்கிற்று. தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் பாஷையில் படித்த பிறகே தமிழர் அச்சில் கண்டனர் என்பது நமக்குப் பெருமை தரும் விஷயமன்று.

பிள்ளையவர்கள் தேசபக்தர் அல்லர். அந்நியரின் ஊழியர், அவர்கள் லாபத்தில் தாமும் லாபமடைந்தவர். அக்காலத்தில் தேசம் என்ற எண்ணமே நம்மிடம் உருவாகவில்லை என்று சொல்லி அவரை முழுதும் மன்னித்துவிடவும் வேண்டாம். இன்றைய அளவுகோலைக் கொண்டு அவரை நிந்திக்கவும் வேண்டாம். அவர் செய்த ஒரு காரியம் அவருடைய மற்றெல்லாக் காரியங்களையும் விடப் பெரியது. அவர் எழுதாதிருந்தால், அந்த இருபத்தைந்து வருஷச் சரித்திரத்துக்கு வெற்றி பெற்ற அந்நியனும் தோல்வியடைந்த அந்நியனுமே சாட்சிகளாக இருந்திருப்பார்கள். நம்மவர் அதில் சுமைகூலியாகவும், சிப்பாயாகவும், எண்ணிக்கையாகவும் மட்டுமே தோன்றியிருப்பார்கள்.

பொதுவாழ்வில் உழைப்பவர்களுக்கு இச்சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. எல்லையைக் காப்பது முள்ளும் பீரங்கியும் மட்டுமல்ல. உள்ளே வாழும் குடிகளின் வயிறும் மானமும் நிறைந்திருந்தால்தான் முள்ளுக்கும் பீரங்கிக்கும் பலம் வரும். இது கோட்டைக்கு எவ்வளவு பொருந்துமோ, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சுவர் எழுப்பிய தொழிற்சாலைக்கும் அவ்வளவு பொருந்தும். சட்டம் இன்று நம்முடையது. அதை உழைப்பவன் பக்கம் நிற்கச் செய்வது நமது பொறுப்பு. இரண்டாவது, நடப்பதை நடக்கும் நாளிலேயே நமது பாஷையில் எழுதி வைக்க வேண்டும். சங்கத்தின் நடவடிக்கையாயினும், கிராமத்தின் வழக்காயினும், வேலைநிறுத்தத்தின் நாட்கணக்காயினும், எழுதி வைத்தவனிடமே பிற்காலத்தார் கேட்க வருவார்கள். மன்சப்தார் பட்டமும் செங்கற்பட்டு ஜாகீரும் போன இடம் தெரியவில்லை. ஒரு துபாஷ் நாள்தோறும் எழுதிய காகிதம் இன்றும் பேசுகிறது.